தைலம்மாள் வீட்டுக்காரர்

ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனரில் சிரித்துக்கொண்டிருந்த மனிதரை அன்று காலையில்தான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தேன். டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, "இன்னாம்மா, அம்மா ஊட்டுக்கு வந்தியா? தை மாசம் பையனுக்குக் காதுகுத்து. பேனரு போன தடவைய விட பெருசா போடணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். குடிகாடு தேவநாதன். கறுப்புக் கண்ணாடி, முறுக்கிய மீசை. பேனரிலும் அதே கண்ணாடி, அதே மீசை. ஆனால் கீழே 'தேவநாதன், ஆலப்பாக்கம்' என்று எழுதி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் குத்துவிளக்கை வரைந்தவள் நான். மூலையில் 'வேல் கிராபிக்ஸ், சிதம்பரம்' என்று எங்கள் செல் நம்பரும் இருந்தது.

பேனருக்குக் கீழே நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக் கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பஸ் கிளம்பியதும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, ஆலப்பாக்கம் சாவு பேனருக்கு எந்த போட்டோ எடுத்தீங்க?"

"நம்ம கம்ப்யூட்டர் பொட்டிலேர்ந்துதான். ராத்திரி செம்பியன்னு ஒருத்தரு போன் பண்ணாரு, மாமா செத்துட்டாரு, போன தடவ அவுரு பொண்ணு பங்க்‌ஷனுக்குப் போட்ட அதே போட்டோவ போடுங்கன்னு. தேவநாதன்னு அடிச்சேன், வந்துச்சு."

"எத்தினி தேவநாதன் வந்துச்சு?"

"ஒண்ணுதான்."

"ரெண்டு இருக்கணும்."

பக்கத்து சீட் அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. என் கணவர் ராஜவேல் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கப் போவார், பேனரை அச்சடிக்கும் பிரஸ்ஸுக்கு பைலைக் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டில் உட்கார்ந்து டிசைன் செய்வது நான். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், தலைவர் வருகை, சாவு எல்லாம் என் கையால்தான். எங்கள் மூலதனம் கம்ப்யூட்டர் அல்ல, முகங்கள். ஒருமுறை ஒருவர் முகத்தை வெட்டி எடுத்து, முகத்தில் இருக்கும் பரு, மச்சம், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் துடைத்து, நிறத்தையும் ரெண்டு படி ஏற்றி வைத்துக்கொண்டால், அடுத்த விசேஷத்துக்கு அவர்கள் போட்டோ கொண்டு வரவேண்டாம். "போன தடவ போட்டதையே போடுங்க" என்பார்கள். நாங்கள் போடுவோம். துடைக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டியதில்லை, வேண்டாம் என்று யாரும் சொன்னதும் கிடையாது.

இந்த முகங்களை நான் விசேஷ வாரியாக வைத்திருந்தேன். 'குடிகாடு காதுகுத்து' என்று ஒரு போல்டர், அதற்குள் அந்தக் குடும்பத்து முகங்கள். 'ஆலப்பாக்கம் மஞ்சள் நீர்' என்று இன்னொன்று. இரண்டிலும் ஒரு தேவநாதன். திருவந்திபுரம் பெருமாள் புண்ணியத்தில் கடலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு தேவநாதன் இருப்பார், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்தத் தேவநாதன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் தலைக்குள் இருக்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அந்த 2012ஆம் வருஷம் ராஜவேலுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் வீட்டில் ஒரு சாமான் கூடும். இந்தத் தடவை சென்னையிலிருந்து ஸ்வீட் பாக்ஸ் அளவுக்கு ஒரு குட்டி கம்ப்யூட்டரும், இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வந்தார். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு நெட் வயர், ஒரு கரண்ட் வயர். இலவசமாகக் கிடைக்கிற ஏதோ சாப்ட்வேரை பென் டிரைவில் ஏற்றி அதில் போட்டு, நெட்வொர்க் எண்ணெல்லாம் கொடுத்து, அதை இன்வெர்ட்டர் பக்கத்து அலமாரியில் வைத்தார். அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தை விட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. ஃபேனுக்கு இருக்கிறதோ இல்லையோ, பொட்டிக்கு இன்வெர்ட்டர் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வயர் இழுத்தார். நானும் பிள்ளைகளும் விசிறியால் விசிறிக்கொண்டோம், பொட்டி பச்சை விளக்கு போட்டுக்கொண்டு சுகமாக இருந்தது.

"இனிமே உன் கம்ப்யூட்டர், என் கம்ப்யூட்டர்னு கெடையாது. எல்லாம் ஒரே எடம். நீ எங்க ஒக்காந்தாலும் எடுக்கலாம்" என்றார். "ரெண்டு டிஸ்க்கு போட்டுக்கிறேன் பாத்தியா? ஒண்ணுல எழுதுனா இன்னொண்ணுலயும் அப்டியே வுழும், கண்ணாடி மாதிரி. ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும். போன வருஷம் அடிச்ச தானே புயலே இன்னொரு தடவ வந்தாலும் கவல இல்ல."

பொட்டிக்கு 'கயல்' என்று பெயர் வைத்தார். என் பெயரை வைத்தால் நான் திட்டமாட்டேன் என்று கணக்கு. பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. நான் கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், என் போல்டர்களை எல்லாம் பிரித்து, 'முகங்கள்' என்று ஒரே போல்டரில் கொட்டினார். பெயரைத் தட்டினால் முகம் வரவேண்டுமாம். கொட்டும்போது கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன்மேல் எழுதட்டுமா என்று. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை இல்லாமல், எல்லாவற்றுக்கும் 'சரி' என்று ஒரே அமுக்கு. பிறகு வேகமாக ஓடட்டும் என்று என் கம்ப்யூட்டரை பார்மட் செய்தார். போட்டோக்களைப் பதிந்து வைத்திருந்த பழைய சிடிக்களை நூலில் கோத்து, அணில் கடிக்காமல் இருக்கக் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அவர் முகம் மாப்பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது. என் போல்டர்கள் எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய முறை" என்றார்.

ஆலப்பாக்கத்தில் பேனரைப் பார்த்த அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் பொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது டிஸ்க்குல பாத்தேன். அதுலயும் குடிகாட்டாருதான் இருக்காரு" என்றார்.

"கண்ணாடி மாதிரின்னு சொன்னீங்களே. கோணல் மூஞ்சிய காட்டுனா கண்ணாடி நேரா காட்டுமா?"

"கயலு, கத்தாத."

கத்தாத என்று சொன்னதுதான் தாமதம், மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து வீசினேன். அவர் தலைக்கு மேலே சுவரில் பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

சாயங்காலம் குடிகாடு தேவநாதனே ஒரு வேனில் ஆட்களோடு வந்து இறங்கினார். ஆலப்பாக்கத்து பேனர் சுருட்டியபடி அவர் கக்கத்தில் இருந்தது. "எந்தங்கச்சி மாலையும் கையுமா வந்து வாசல்ல வுழுந்து பொரள்றா. நான் கடலூர்லேர்ந்து வந்து துண்டைக் கட்டிகினு குளிச்சிகினு நிக்கறேன். எம்பொண்டாட்டி தாலிய கெட்டியா புடிச்சிகினு ஒக்காந்தவதான், இன்னும் எந்திரிக்கல" என்று தெருவே கேட்கக் கத்தினார். ராஜவேல் கை கூப்பியபடி நின்றார். கடைசியில், முச்சந்தியில் பேனரைப் போட்டுக் கற்பூரம் சுற்றி, பூசணிக்காய் உடைத்துக் கொளுத்திய பிறகுதான் அவர் மனம் ஆறியது. ஏறும்போது, "ஆனா போட்டோ நல்லாத்தான் வந்துகிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விஷயம் அத்தோடு தீர்ந்தது. உயிரோடு இருப்பவருக்குப் பேனர் போட்டால் மன்னிப்புக் கேட்கலாம், தை மாதம் இன்னொரு பேனர் இனாமாகப் போட்டுத் தரலாம். செத்துப்போனவருக்கு என்ன செய்வது?

மறுநாள் செம்பியன் வந்தான். செத்துப்போன ஆலப்பாக்கம் தேவநாதனின் மச்சினன், அவர் மனைவி தைலம்மாளுக்குத் தம்பி. சண்டைக்கு வருவான் என்று நான் பதில்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அக்கா, பேனரு போனா போவுது. கருமாதிக்குப் படத்திறப்பு வெச்சிருக்கோம். மாமா படம் ஒண்ணு பெருசா வேணும்" என்றான்.

கருமாதி நாளில் இறந்தவர் படத்துக்குத் திரை போட்டு வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரை விட்டுத் திறக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றிலிருந்து வீட்டில் விளக்கு அந்தப் படத்துக்கு முன்னால்தான்.

"வேற போட்டோ எதுவும் ஊட்ல இல்லியா தம்பி?"

"கல்யாண ஆல்பம் தானே புயல்ல கூரை போனப்ப ஊறி, ஏட்டோட ஏடு ஒட்டிகிச்சு. பிரிச்சா மூஞ்சி கையோட வருது. ஓட்டு கார்டுல இருக்கறது மாமாவா, யாருன்னே தெரில. செல்லுல எடுத்ததுல எல்லாம் முதுகுதான். அவுரு போட்டோன்னா ஒதுங்கிப் போயிருவாரு. பொண்ணு சடங்குக்குத்தான் நீங்க புடிச்சி ஒக்கார வெச்சி எடுத்தீங்க." கொஞ்சம் நிறுத்தி, "எங்க அக்கா இன்னும் அழுவல. சோறு துன்னல. அவுரு படம் எங்கடான்னு மட்டும் கேக்குது" என்றான்.

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஒல்லியான மனிதர், சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு, எங்கள் முன்னறை ஸ்டூலில் கையைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தார். சிரிங்க என்றால் இன்னும் விறைத்தார். தைலம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "இன்னா, உன்ன புடிச்சிகினு போவவா போறாங்க" என்றதும் தன்னை மறந்து லேசாகச் சிரித்தார். அந்த நொடியில் அமுக்கினேன். அப்படி வாங்கிய சிரிப்பின் மேல் குடிகாடு தேவநாதன் கறுப்புக் கண்ணாடியோடு ஏறி உட்கார்ந்திருந்தார்.

"இருக்கு தம்பி, எடுத்துத் தர்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். செம்பியன் போனதும் அழுகை வந்தது.

ராஜவேல் அழிந்ததைத் தோண்டி எடுக்கும் சாப்ட்வேர்களை எல்லாம் போட்டுப் பார்த்தார். பார்மட் செய்த என் கம்ப்யூட்டரிலும் தேடினார். வந்ததெல்லாம் பாதி முகங்கள், ஒரு காது, கோடு கோடாகச் சாம்பல் நிறம். கொய்யா மரத்துச் சிடிக்களை அவிழ்த்துத் துடைத்துப் போட்டார். வெயிலிலும் மழையிலும் கிடந்தவை ஒன்றும் ஓடவில்லை. கரண்ட் போகும்போது நிறுத்துவார், வந்ததும் மறுபடி உட்காருவார், சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். 'முகங்கள்' போல்டரை நான் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ராஜேந்திரன் ஒருவர்தான், கலியமூர்த்தி ஒருவர்தான், செல்வி ஒருத்திதான். இன்னும் எத்தனை பேர் எத்தனை பேருக்கு அடியில் போனார்கள் என்று அவர்கள் வீட்டில் ஒரு காரியம் வரும்போதுதான் தெரியும்.

செம்பியனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போன் செய்தேன். படம் எங்களிடம் இல்லை என்று சொல்லிவிடத்தான் செய்தேன். அதைச் சொல்லாமல், "அந்தச் சடங்கு பேனரு இன்னா ஆச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"அதுவாக்கா? தானே அடிச்சப்ப கூரைக்குப் போட்டோம். அப்பறம் ஓடு மாத்துனதும் யாரோ கேட்டாங்கன்னு குடுத்துட்டோம். எங்க ஊர்ல பாதி மாட்டுக் கொட்டாய்க்கு மேல உங்க பேனருதான் கெடக்குது."

நானும் ராஜவேலும் வண்டியில் ஆலப்பாக்கம் போனோம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒருவர் கொட்டகையை மழை நாளில் பிரிப்பது பாவம் என்று, மாற்றிப் போட வெற்று பிளெக்ஸ் சுருள் ஒன்றையும் ராஜவேல் வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். செம்பியன் கொட்டகை கொட்டகையாக அழைத்துப் போனான். மேலே வெள்ளைப் பக்கம், உள்ளே அச்சடித்த பக்கம். குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் நான் செய்த முகங்கள். சடங்கான பெண்கள், மொட்டையடித்த குழந்தைகள், கும்பிடு போடும் வேட்பாளர்கள், எல்லோரும் சிவப்பாக, ஒரு பரு இல்லாமல், மாடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை முகத்தையும் இப்படி ஒரே மாதிரியாகவா செய்து வைத்தேன் என்று ஏதோ போல் இருந்தது.

ஓரிடத்தில் பாவாடை தாவணியில் வெண்மதி கிடைத்தாள். தேவநாதனின் மகள், அந்தச் சடங்கு அவளுக்குத்தான். ஆனால் பேனரை யாரோ பாதியாக வெட்டியிருந்தார்கள். அப்பா இருந்த பாதி ஊர்க் கோடியில், ஒரு எருமைக் கொட்டகையின் பின்பக்கச் சரிவில் இருந்தது. வட்டத்துக்குள் முகம், மேல் பட்டன் போட்ட சட்டை, லேசான சிரிப்பு. நெற்றியோரம் ஒரு மடிப்பு வெளுத்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தார்.

ராஜவேல் ஒரு வார்த்தை பேசாமல் மழையில் கூரை மேல் ஏறினார். மூங்கில் வாரை ஒன்று முறிந்து முழங்கால் சிராய்த்தது. பழையதை அவிழ்த்து, புதியதை இழுத்துக் கட்டிவிட்டு, நனையாமல் நெஞ்சோடு சுருட்டிக்கொண்டு இறங்கினார். செய்த தப்பை அவர் வாயால் சொல்லவே இல்லை. கூரையிலிருந்து இறங்கியவரைப் பார்த்தபிறகு, சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பிளெக்ஸைக் கழுவி, காயவைத்து, சுவரில் அறைந்து அவர் போட்டோ எடுத்தார். நான் மடிப்பை மறைத்து, அச்சுப் புள்ளிகளைச் சமன்செய்து, மங்கிய நிறத்தை மீட்டு, கருமாதிக்கு முன்னால் வீட்டில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று சின்னதாக ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரிய சாதனை செய்தவள் மாதிரி மனசுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

தைலம்மாள் உள்ளறை மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கருமாதி வரை வெளியே வரக்கூடாது. பிரிண்டை அவள் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு கட்டைவிரலால் படத்தின் புருவத்தை அழுத்தித் துடைத்தாள், மேலே ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல.

"தழும்ப காணும்" என்றாள்.

"இன்னாக்கா?"

"இங்க ஒரு தழும்பு இருக்குமே. அது எங்க?"

அந்த நாளில் நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது, வழக்கம்போலத் துடைத்தேன். ஒரு நிமிஷ வேலை. "அது, பேனர்ல நல்லா தெரியணும்னு எடுத்துடுவோங்க்கா. எல்லாருக்கும் அப்டித்தான்" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே பந்தல்காரர்களோடு செம்பியன் பேசும் குரல் கேட்டது.

"அது நான் போட்டது" என்றாள் தைலம்மாள். "கல்யாணம் ஆன புதுசு. இன்னா சண்டைன்னுகூட இப்ப நெனப்பு இல்ல. சொம்ப எடுத்து அடிச்சிட்டேன். ரத்தம் கொட்டுது, நான் நடுங்கிகினு நிக்கறேன். அவுங்க அம்மா ஓடியாந்து கேட்டாங்க. சைக்கிள்லேர்ந்து வுழுந்துட்டேன்னு சொல்லிட்டாரு. எங்க அப்பாகிட்டயும் அதான் சொன்னாரு. பொறந்த புள்ளைக்கும் அதான். சாவற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மாத்தி சொல்லல. அவுருக்கும் எனக்கும்தான் தெரியும். இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு ஸ்டேப்ளரும் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பும் கண்முன்னால் வந்தன.

"இது இல்லாம அவுரு யாரோ மாதிரி இருக்காரும்மா. அத போட முடியுமா?"

"போடலாம்க்கா. எந்த எடத்துல, எவ்ளோ நீட்டுன்னு சொல்லுங்க."

சொல்ல அவளுக்கு வரவில்லை. படத்தில் காட்டப் போனாள், சின்னப் படத்தில் விரலுக்கு அடியில் புருவமே மறைந்தது. பிறகு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வெண்மதியைக் கூப்பிட்டு ஸ்கூல் பையிலிருந்து பேனா எடுத்து வரச் சொன்னாள். என் இடது புருவத்தின் நடுவில் ஆரம்பித்து, மேலே நெற்றிப் பக்கமாகச் சாய்வாக, கொஞ்சம் வளைந்து, ஒரு கோடு போட்டாள். பார்த்தாள். எச்சில் தொட்டு நுனியை அழித்து, அதைக் கொஞ்சம் குட்டையாக்கினாள். இருட்டில்கூட அந்த இடம் அவள் விரலுக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது.

"இவ்ளோதான். முடி மொளைக்காது அந்த எடத்துல. அழிச்சிடாத, அப்டியே போ."

அப்படியே போனேன். செத்துப்போன ஒரு மனிதரின் தழும்பைப் பால்பாயிண்ட் பேனாவில் புருவத்தில் வாங்கிக்கொண்டு, சிதம்பரம் வரை பஸ்ஸில் உட்கார்ந்து போனேன். கண்டக்டர் ரெண்டு தடவை பார்த்தார். ஷட்டர் ஓட்டை வழியாகச் சாரல் அடித்தபோது முந்தானையால் நெற்றியைப் பொத்திக்கொண்டேன். துடைக்கத்தான் எனக்குப் பழக்கம், காப்பாற்றிப் பழக்கமில்லை.

வீட்டில் நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. கைக்கண்ணாடியை மானிட்டரில் சாய்த்து வைத்து, அதில் பார்த்துப் பார்த்துப் படத்தில் போட ஆரம்பித்தேன். ராஜவேல் பின்னால் வந்து நின்றார். என் புருவத்தைப் பார்த்தார். விஷயம் இன்னதென்று தழும்பை மட்டும் சொன்னேன், சொம்பைச் சொல்லவில்லை.

"கண்ணாடில பாத்துப் போடாத கயலு" என்றார் மெதுவாக. "பக்கம் மாறிடும். அவுரோட எடது புருவம் படத்துல இந்தாண்ட வரும்."

அவர் சொன்னது சரி. தப்பான புருவத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை வாசல் வெளிச்சத்தில், தேவநாதன் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்காரவைத்து, அவர் கேமராவை எடுத்தார். கோடு தெளிவாக விழுகிற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தார். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டை அளந்து, முடியை நீக்கி, தோலை லேசாகப் பளபளப்பாக்கி, பழைய காயமாக்கினேன். நிறத்தையும் ரெண்டு படி இறக்கினேன். திரையில் மெல்ல அந்த மனிதர் வந்து உட்கார்ந்தார். வாசலில் நின்றிருந்த பெண்டாட்டி சொன்னதைக் கேட்டு, வெட்டுப்பட்ட புருவத்தோடு சிரித்தார்.

பொட்டியில் சேமிக்கப் போனபோது பழக்க தோஷத்தில் பெயரைத் தட்டினேன். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன்மேல் எழுதட்டுமா என்று கேட்டது. பின்னால் ராஜவேல் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன். ஆலப்பாக்கம் என்று தனியாக ஒரு போல்டர் திறந்து, 'தைலம்மாள் வீட்டுக்காரர்' என்று பெயர் கொடுத்தேன். அன்றைக்கே ராஜவேல் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கடலூரில் என் அம்மா வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

கருமாதியன்று நாங்களே படத்தைக் கொண்டுபோனோம். பந்தலில் நல்ல கூட்டம். தேவநாதனுக்குப் பெரியப்பா முறையாகும் உத்திராபதி என்பவர் திரையை விலக்கினார். தேவாரம் பாடினார்கள். தைலம்மாள் வெள்ளைச் சீலையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒரு சத்தம் எழுப்பினாள். பக்கத்துப் பெண்கள் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு நாளும் வராத அழுகை அது.

கூட்டம் கலைந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போனபோது உத்திராபதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் அருகே போனார். பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் மூஞ்சிய மொழுமொழுன்னு ஆக்கிக் குடுக்கறீங்க. இவன் புருவத்துல அந்த சைக்கிள்லேர்ந்து வுழுந்த தழும்ப அப்டியே வுட்டுட்டீங்களே. எடுத்துருக்கக் கூடாதா?"

பதில் எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதற்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை நான். தலையைத் திருப்பினேன். அழுது வீங்கிய கண்ணோடு தைலம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டோங்க பெரியவரே" என்றேன்.